கூப்பிடாமல் ஏழு மாதம்

கண் இருக்கும், பார்க்காது. காது இருக்கும், கேட்காது. நாள் முழுக்க மழையில் நனையும், ஒரு தும்மல் போடாது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். இந்த விடுகதையை இரண்டு நாள் யோசித்து நானே கட்டி, ஏற்காடு ஏறும் பஸ்ஸில் ஒன்பதாவது வளைவு வரை வாய்க்குள் வைத்திருந்து, பத்தாவது வளைவில் கனிஷ்காவிடம் போட்டேன். தும்மலுக்கே நான் வரவில்லை. "சிலை" என்று ஜன்னலைப் பார்த்தபடி சொல்லிவிட்டாள். சிலைக் கண்காட்சிக்குப் போகிற பஸ்ஸில் சிலையைப் பற்றி விடுகதை போட்டால் எட்டு வயதுப் பெண்ணுக்கு வேறு என்ன விடை வரும். சரிதானே என்றுகூட அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்குப் பின்னால் ஒரு சொல் வந்திருக்க வேண்டும். சரிதானே மாமா, சரிதானே அங்கிள், சரிதானே ஏதோ ஒன்று. அந்த இடத்தை ஏழு மாதமாக அவள் காலியாகவே வைத்திருக்கிறாள். அவளுடைய அம்மா சுகந்தியும் நானும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று பேசி ஏழு மாதம் ஆகிறது. சுகந்தியின் அப்பாவுக்குச் சம்மதம், என் அக்காக்களுக்குச் சம்மதம். நாளைக்கு நாமக்கல்லிலிருந்து சுகந்தியின் அண்ணன் வருகிறார், பதிவு அலுவலகத்துக்கு நாள் குறிக்க. நேற்று அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை வாசலில் நின்று சுகந்தி சொன்னாள்: "பாப்பா உங்களை ஏதாவது ஒரு முறை வெச்சுக் கூப்பிடட்டுங்க. எதுவா இருந்தாலும் சரி. கூப்பிட்டா நாள் குறிப்போம். இல்லேன்னா அண்ணனை இப்ப வர வேணாம்னு சொல்லிடறேன். நான் சொல்லித் தர மாட்டேன். நீங்களும் கேக்கக் கூடாது." எதுவரைக்கும் என்று கேட்டேன். அவளுக்கு வருகிறவரைக்கும் என்றாள். வராவிட்டால் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு அவளுக்குக் கடை, பாப்பாவை நான் மட்டும்தான் அழைத்து வந்திருக்கிறேன்.

ஆனால் இப்போது என் முன்னால் ஒரு எருமை இருக்கிறது, அதைப் பார்க்கலாம். இந்தக் காபித் தோட்டத்து பங்களாவின் சொந்தக்காரர்கள் வருஷத்தில் பத்து நாள் கேட்டைத் திறந்து வைத்து, சிற்பிகளை அழைத்து, புல்வெளியிலும் மரத்தடியிலும் அவர்கள் செய்ததையெல்லாம் வைக்கச் சொல்கிறார்களாம். மொத்தம் இருபத்திரண்டு. இதுவரை நான்கு பார்த்திருக்கிறோம், நான்காவது இந்தக் கருங்கல் எருமை. எருமை என்றால் முழு எருமை இல்லை. முதுகும், கொம்பும், மூக்கு நுனியும் மட்டும் புல்லுக்கு மேலே. மற்றதெல்லாம் மண்ணுக்குள் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். புல்வெளி முழுவதும் ஏரியாகிவிட்டது. எவ்வளவு குறைவாகச் செய்து எவ்வளவு பெரிய ஏரியைக் கொண்டுவந்துவிட்டான் அந்த ஆள். உட்காரலாம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. உட்கார்ந்தேன். கல் வெயிலில் காய்ந்து இளஞ்சூடாக இருக்கிறது, பிளாஸ்டர் இறுகும்போது கைக்குள் வருமே, அந்தச் சூடு. பல் லேபில் வேலை பார்க்கிறவனுக்கு எதைத் தொட்டாலும் பிளாஸ்டர் ஞாபகம்தான். இருபத்தோரு வருஷமாக ஊரார் வாயின் அச்சை எடுத்து, மெழுகு வைத்து, பல் கோத்து, பல்செட் செய்கிறேன். டிசம்பர் வெயில் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நாலு ரோட்டுச் சந்துக்குள் இருக்கும் லேபில் யாருக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் காபிப் பழம் சிவந்து கிடக்கிறது. கனிஷ்கா கொம்பைப் பிடித்துக்கொண்டு, கால் தண்ணீரில் நனையாமல் இருக்க மடக்கி வைத்திருக்கிறாள். நிஜமாகவே மடக்கி வைத்திருக்கிறாள். நானும் செருப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டேன். இறங்கும்போது அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக் கரைவரை நடந்தாள். பத்து ரூபாய் மாதிரி சின்னதாக ஒரு சந்தோஷம் என்று சொல்வதா, இல்லை, இது பெரியதுதான்.

எப்படித்தான் முடிகிறதோ அவளுக்கு. நம் ஊரில் கூப்பிடாமல் வாழ முடியுமா. பால்காரர் அண்ணா, கண்டக்டர் அங்கிள், பூக்கார அக்கா, யாரென்றே தெரியாதவர் தாத்தா. பெயரே தெரியாமல் ஒரு ஆயுள் ஓட்டலாம், முறை இல்லாமல் ஒரு கடலை மிட்டாய் வாங்க முடியாது. அவள் முடித்துக்காட்டுகிறாள். நான் வீட்டுக்குப் போனால் உள்ளே திரும்பி "அம்மா, வந்திருக்காங்க" என்பாள். யார் வந்திருக்கிறார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் நேராக என் முன்னால் வந்து நின்று, என் கண் அவள் மேல் விழும்வரை காத்திருந்து, பிறகு தொடங்குவாள். ஆடி மாதம் ஒருநாள் குடையை நான் எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டேன். அவளுக்குக் குடை வேண்டும். கூப்பிட்டிருந்தால் ஒரு நொடி. கூப்பிடாமல் முப்பதடி மழையில் ஓடிவந்து என் சட்டைக் கையைத் தொட்டாள். தலையெல்லாம் நனைந்திருந்தது. அன்றைக்கு ராத்திரி நான் ஒவ்வொரு முறையாக எடுத்துப் பார்த்தேன், ஒரு வாய்க்கு எந்தப் பல் பொருந்தும் என்று நிறம் பார்ப்பதுபோல. அப்பா என்பது சந்திரகுமாருடையது. நான்கு வருஷம் முன்னால் போனவர், கூடத்துச் சுவரில் இருக்கிறார், அதைத் தொடக் கூடாது, தொட எனக்கும் மனசில்லை. மாமா என்பது நாமக்கல் அண்ணனுக்கு. அம்மாவின் கூடப் பிறந்தவர் மாமா, அதே சொல்லை எனக்கு வைத்தால் இந்தக் கல்யாணமே எங்கோ இடிக்கும். அங்கிள் என்று ஸ்கூல் ஆட்டோக்காரரைக் கூப்பிடுகிறாள். சித்தப்பா என்பதை சுகந்தியின் தங்கை ஒருநாள் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள், "எங்கே சொல்லு, சி... சித்..." என்று, ஏதோ மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்வதுபோல. கனிஷ்கா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். ஒரு மணி நேரம். உள்ளே குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சுகந்தி வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழாய்ச் சத்தத்துக்குப் பிறகுதான் யாரும் சொல்லித்தரக் கூடாது என்று அவள் முடிவெடுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். நான் அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இது தெரிவதால் பயம் குறைவதில்லை.

ஒன்பதாவது சிலைக்குப் பெயர் கொட்டாவி. சிமெண்டில் ஒரு பெரிய தலை, ஆள் உயரத்துக்கு, கண்ணை இடுக்கி வாயை முழுக்கத் திறந்தபடி. எங்களுக்கு முன்னால் ஒரு ஆத்தூர்க் குடும்பம். "உங்க தம்பி ஆபீஸ்ல இருக்கறாப்ல இருக்குது" என்கிறார் கணவர். "ஏன், கல்யாண ஆல்பத்துல உங்க அப்பா முகத்தைப் பாத்ததில்லையா" என்கிறார் அந்தம்மா. நான் சிரிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். கை தானாகவே போய்விட்டது. மேலே பதினெட்டு, கீழே பதினெட்டு. பக்கத்தில் முக்காலியில் தொப்பியோடு ஒரு பெண், இதைச் செய்தவளாம், காலேஜில் கடைசி வருஷம். "பல்லு முப்பத்தாறு இருக்குதுங்க" என்றேன். "எண்ணினீங்களா சார்?" "தொழிலுங்க. பல்செட் செய்யறேன்." அவள் எழுந்து தானும் எண்ணினாள். "கொட்டாவி பெருசா வந்துடுச்சுங்க சார், இடம் காலியா இருந்தது, நாலு சேர்த்துட்டேன்." இடம் காலியாக இருந்தால் சேர்த்துவிடலாமா, பிறகு அந்த ஆள் வாயை எப்படி மூடுவான் என்று கேட்டேன். "அவன் மூடவே போறதில்லையே சார்" என்றாள். அப்போது ஒரு சத்தம் வந்தது. கனிஷ்கா சிரித்தாள். வாயை மூடிச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, திறந்து. நான் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். முதல் முதலில் சுகந்தியின் வீட்டுக்குப் போன அன்று கதவைத் திறந்த குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள், மேல்வரிசையில் ஒரு பால்பல் விழுந்திருந்தது, நான் வணக்கம் சொல்வதற்கு முன்னால், பெயர் கேட்பதற்கு முன்னால், "இந்த இடத்துல வர்ற பல்லு கொஞ்சம் வெளிய திரும்பி வரும்" என்றேன். லேபில் பிளாஸ்டர் மாடலைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்வேனே, அதே குரலில். வேறு யார் இந்தத் தப்பைச் செய்வார்கள். பேங்க் குமாஸ்தா செய்வாரா, டிரைவர் செய்வாரா. பல் லேபில் இருபத்தோரு வருஷம் வாய்களோடு மட்டும் இருந்தவன்தான் செய்வான். அந்த நிமிஷம் மூடிய உதடு, அதற்குப் பிறகு என் எதிரில் திறந்து சிரிக்கவில்லை. சாப்பிடும்போதுகூடக் கையால் மறைத்துக்கொள்வாள். இன்றைக்குத் திறந்திருக்கிறது, நான் பார்க்க மாட்டேன், சிமெண்ட் ஆளின் கடைவாயையே பார்ப்பேன். ஆனால் கண்ணோரத்தில் தெரிந்துவிட்டது. பல் வளர்ந்துவிட்டது, கொஞ்சம் வெளியே திரும்பித்தான் வந்திருக்கிறது. அழகாக இருக்கிறது. நான் சொன்னது சரி. சொன்னதுதான் தப்பு.

பிறகு வரிசையாக ஏழு சுடுமண் பெண்கள், ஆரஞ்சு மரத்தடியில் குத்துக்காலிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல. முகம் கிடையாது. ஆனாலும் மூன்றாவது அம்மாளுக்குப் பஸ் வராத எரிச்சல் என்றும், ஐந்தாவது அம்மாளுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை என்றும் தோள்பட்டையை வைத்தே தெரிகிறது. நான் ஐந்தாவது அம்மாளோடு நெடுநேரம் நின்றேன். நானும் அந்த மாதிரிதான், பதினோரு வீட்டில் பெண் பார்த்துவிட்டு, இனி வேண்டாம் என்று அக்காக்களிடம் சொல்லிவிட்டு, வராவிட்டாலும் பரவாயில்லை என்று தோளை இறக்கி உட்கார்ந்திருந்தவன். அப்போது சுகந்தி வந்தாள், அவள் அப்பாவின் பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு. தும்மினாராம், வாசலில் போய் விழுந்து மூன்று துண்டு. "ஒட்டுமாங்க?" ஒட்டும் என்றேன். ஒட்டிக்கொடுத்ததும் மறுபடி ஒரு தரம் வந்தாள், நன்றாக இருக்கிறது என்று சொல்ல. பல்செட் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்காக யாரும் பஸ் ஏறி வரமாட்டார்கள். இதை நினைத்துச் சிரித்துக்கொண்டே திரும்பினால் கனிஷ்கா இல்லை. ஆரஞ்சு மரத்துக்குப் பின்னால் இல்லை. டேலியாப் பாத்திகளில் ஆத்தூர்க் குடும்பம் போட்டோ எடுக்கிறது, அங்கே இல்லை. காபிச் செடிகள் ஆள் உயரம், வேலி இடுப்பளவுதான், குழந்தை தாண்டலாம். "கனிஷ்கா!" என்று கத்தினேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கத்தினேன். கத்தும்போதே தோன்றியது, அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், பார்த்துக்கொண்டே பதில் சொல்ல முடியாமல் இருக்கலாம், 'இங்கே இருக்கேன்' என்று தூரத்திலிருந்து சொல்ல அதன் முனையில் கட்டுவதற்கு ஒரு சொல் வேண்டும். எத்தனை நாளைக்கு. நாளை ஒரு ரோட்டில், கூட்டத்தில், கூப்பிட வேண்டிய நேரத்தில் கூப்பிடாமல் ஓடிவந்தால். சுகந்தி இதைத்தான் நினைத்திருக்கிறாள், சடங்குக்காக இல்லை, மரியாதைக்காக இல்லை, இதற்காகத்தான். அப்போது சட்டைக் கையில் ஒரு தொடுதல். "இங்கதான் இருக்கேன். அந்தக் கடைசி அம்மாவுக்குப் பின்னாடி. அவங்க முதுகுல விரல் தடம் இருக்குது, செஞ்சவங்களோடது." காட்டினாள். ஈர மண்ணில் யாரோ அழுத்திப் பிடித்த நான்கு விரல், அப்படியே சுட்டுவிட்டிருக்கிறார்கள். நான் பார்க்காமல் போயிருப்பேன். இருபத்திரண்டில் மிக நல்ல இடம் அதுதான்.

அங்கிருந்து சரிவில் இறங்கும்போதுதான் கேட்டாள். பக்கத்தில் வந்து, என் கண் விழக் காத்திருந்து, "உங்களுக்கு எத்தனை வயசு?" என்றாள். நாற்பத்து மூன்று. "முடிஞ்சிருச்சா, நடக்குதா?" முடிந்துவிட்டது, வைகாசியில். "ம்" என்றாள். வயதானவன் என்று தோன்றியதா. முன்நெற்றி ஏறிவிட்டது, அதைக் குழந்தைகள் கவனிப்பார்கள். சரிவின் அடியில் ஒரு பெரிய கல் காது புல்லில் படுத்திருக்கிறது, ரகசியம் சொல்லலாம் என்று பலகை. நான்கைந்து பிள்ளைகள் வரிசை. ஒருவன் போய், "எங்கக்கா லூசு" என்று கத்திவிட்டு வந்தான், அக்கா அங்கேயே அவன் முதுகில் ஒன்று வைத்தாள். கனிஷ்காவின் முறை வந்ததும் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மறைத்து, உள்ளே முகத்தை வைத்து நெடுநேரம் முணுமுணுத்தாள். பின்னால் நின்ற பொடியன் பொறுமையிழந்து, "அக்கா, போதும், அது காது, டைரி இல்ல" என்றான். "இரு, கணக்கு போடறேன்" என்று குரல் மட்டும் வந்தது. காதுக்குள் போய்க் கணக்குப் போடுவார்களா. பதினாறாம் வாய்ப்பாடாக இருக்கும், திங்கட்கிழமை டெஸ்ட் என்று சுகந்தி சொன்னாள். எழுந்து வந்தபோது முழங்காலில் புல் ஒட்டியிருந்தது. என்ன சொன்னாய் என்ற கேள்வி வாய்வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. அச்சு இறுகுகிற நேரத்தில் கையை வைக்கக் கூடாது, வைத்த லேப் பையன்களை நானே திட்டியிருக்கிறேன். என் முறை வந்தது. எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை, காதை வைத்துக் கேட்டேன். கல்லுக்குள் காற்று வீசுகிற மாதிரி ஒரு சத்தம், நல்ல சத்தம்.

மிச்சத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தோம், ஒன்றையும் விடவில்லை. சைக்கிள் செயினில் செய்த பறவை சில்வர் ஓக் மரத்தில் தொங்குகிறது, காற்றடித்தால் சிறகு கிர்ரென்கிறது, எண்ணெய் போட்டால் பறந்துவிடுமோ என்று விட்டுவிட்டார்கள்போல. ஒரு கல், வெறும் கல், ஒரு பக்கத்தை மட்டும் கண்ணாடிபோல் தேய்த்திருக்கிறார்கள், அதில் வானமும் எங்கள் இரண்டு தலையும். அதன் முன் நின்று நான் ஒன்றும் நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே நினைக்காமல் நின்றேன், அதுவே பெரிய விஷயம். கால் வலிக்கிறது, பசிக்கிறது, முகத்தில் வெயில், பக்கத்தில் பேசாமல் ஒரு குழந்தை. இப்படியே இருந்தாலும் போதும் என்று தோன்றியது. அடுத்த நொடியே போதாது என்றும் தோன்றியது. அலமாரியில் இருநூறு வாய்கள் வரிசையாக இருக்கிற அறைக்குத் திரும்பிப்போய், அண்ணன் வரவில்லையாம் என்று போனில் கேட்டுக்கொண்டு, தோளை இறக்கி உட்கார என்னால் இனி முடியுமா. முடியும். முடியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், கும்பிட அங்கே சாமி சிலை ஒன்றுகூட இல்லை. ஒரு மணி பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருந்தது. பங்களா வராந்தாவில் மேசை போட்டு, தோட்டத்துக் காபி கொடுக்கிறார்கள். நல்ல கூட்டம். நான் வராந்தாப் படியில் உட்கார்ந்து, செருப்புக்குள் போன மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். கனிஷ்கா வரிசையில் நின்றாள், நானாக அனுப்பவில்லை, அவளே போனாள். மேசைக்குப் பின்னால் ஊற்றுகிற அம்மாள் சத்தமான குரல். "பாப்பா, உனக்கு பால் தர்றேன். இன்னொரு டம்ளர் எதுக்கு?" "காபி. சக்கரை கம்மியா." "யாருக்கு?" கனிஷ்கா என் பக்கம் கையைக் காட்டினாள். "அது யாரு, அப்பாவா?" "இல்ல. அப்பா இருந்தா இப்ப நாப்பத்தொண்ணு. இவங்களுக்கு நாப்பத்து மூணு முடிஞ்சிருச்சு." "அப்ப?" என்றார் அந்தம்மாள், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு. கனிஷ்கா பதில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, வராந்தாவின் அந்த முனையிலிருந்து, அதே சொல்லால் என்னைக் கூப்பிட்டு, காபி சூடாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். அவள் எடுத்துக்கொண்ட முறை பெரியப்பா.